பள்ளிக்கூடத்தை மூடிய அளவு நோட்டு

தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டது அரசாங்கம் இல்லையாம், டேப்பக்காவாம். பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஸ்கூலில் அத்தனை பிள்ளைகளுக்கும் யூனிபார்ம் தைக்கிற ஆர்டரை ரகசியமாகப் பேசி முடித்துவிட்டு, கருத்துக் கேட்புக் கூட்டத்தில் தன் அளவு நோட்டைத் திறந்து காட்டிக்கொடுத்துவிட்டாளாம். இல்லாவிட்டால் அவள் தையல் மிஷினுக்குத் திடீரென்று மோட்டார் எங்கிருந்து முளைத்தது? இப்படிக் கேட்பவள் மாவு மில் அம்மா. மில் ஓடுகிற சத்தத்தில் அவள் சொல்வதில் பாதி காதில் விழாது. விழாத பாதியை ஆளாளுக்கு இட்டு நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஒரே வாரத்தில் மோட்டார் இரண்டாகிவிட்டது. அடுத்த வாரம் டேப்பக்கா மாடி கட்ட மணல் இறக்கியிருக்கிறாள் என்றார்கள். மணல் இறங்கியது நிஜம்தான். பக்கத்து வீட்டுக்காரர் கக்கூஸ் கட்ட இறக்கிய மணல் அது.

மோட்டார் விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம். நாற்பத்திநான்கு வயதில் அவளுடைய வலது முழங்கால் வேலைநிறுத்தம் செய்தது. பெடல் மிதித்தால் இனிமேல் நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் தம்பி எங்கேயோ கழற்றிப் போட்டிருந்த ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். ஓடும்போது அது சளி பிடித்த கிழவன் மாதிரி இருமும். பள்ளிக்கூடத்தை விற்று வாங்கிய மோட்டார் இந்த லட்சணத்தில் இருக்குமா என்று ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. மீதிக் கதையை நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். நடந்தது இதுதான்.

டேப்பக்கா கழுத்தில் எந்த நேரமும் இஞ்ச் டேப் தொங்கும். தாலி மறந்தாலும் டேப் மறக்காது என்று அவள் புருஷனே கேலி பண்ணுவார். அவர் ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். பகலெல்லாம் தூங்குவார், அதனால் பெண்டாட்டியோடு சண்டை போட அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. ஒரு தடவை துக்க வீட்டுக்குக்கூட அவள் டேப்போடு போய் உட்கார்ந்துவிட்டாள். அழுதுகொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "இப்பவே அளவு எடுக்க வந்துட்டியா" என்று கேட்டாளாம். பெயர் அன்றைக்கு ஒட்டியது. பிறகு அவளுடைய சொந்தப் பெயரை ரேஷன் கார்டு தவிர வேறு யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

அவள் படித்தது அதே தெருமுனைப் பள்ளிக்கூடத்தில், ஐந்தாவது வரைக்கும். ஐந்தாவது பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டாள். அளவு மட்டும் அவளிடம் தப்பாது. ஆளை வாசலில் பார்த்த உடனே இடுப்பு எத்தனை இஞ்ச் என்று மனசுக்குள் எழுதிவிடுவாள், பிறகு டேப் வைத்துச் சரிபார்ப்பது மரியாதைக்காகத்தான். வாயிலும் அதே டேப்தான். பேட்டரி கடைக்காரர் சம்சாரம் ஒருமுறை ஜாக்கெட் தைக்க வந்து, நாற்பது என்று எழுதாதே, முப்பத்தாறு என்று எழுது, யாராவது நோட்டைப் பார்த்தால் அசிங்கமாக இருக்கும் என்று கெஞ்சினாள். "எழுதுறது முப்பத்தாறு, ஏறுறது நாப்பதா? நோட்டுல பொய் எழுதினா துணி கிழியும்மா" என்று சொல்லி நாற்பது என்றே எழுதினாள். அளவில் பொய் சொல்லாதவள் என்று பெயர் வாங்கியது இப்படித்தான். அந்தப் பெயரோடு கூடவே நிறையப் பகையும் வந்தது.

அளவு நோட்டில் யார் பெயரும் இருக்காது. பேட்டரி கடைப் பையன், மில் வீட்டுப் பெண், மேஸ்திரி வீட்டுச் சின்னது என்றுதான் எழுதுவாள். பக்கத்தில் தோள், நீளம், இடுப்பு. தெருமுனைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் வருஷா வருஷம் காக்கித் துணியும் வெள்ளைத் துணியும் கொடுக்கும். அதைத் தைப்பவள் இவள் ஒருத்திதான். அந்தக் கணக்குக்கு நோட்டில் முன்பக்கம். மற்றவர்கள் துணிக்கு, ஆல்டர் வேலைக்கு, பின்பக்கம். பத்து வருஷத்துக்கு முன்னால் முன்பக்கம் எட்டு ஒன்பது தாள் ஓடும். போன வருஷம் ஒரே தாளில் முடிந்துவிட்டது. பதினொரு பிள்ளைகள். அதில் ஒன்று அவளுடைய மகள், மூன்றாம் வகுப்பு.

மற்ற பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்பவர்கள் காலை எட்டு மணிக்குத் தெருவில் நின்று பார்த்தால் போதும். மஞ்சள் வேன் வரும். கழுத்தில் நீல டை கட்டிய பிள்ளைகள் புளிமூட்டை மாதிரி அதில் ஏறுவார்கள். அந்த ஸ்கூலுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, தெருவுக்கு அது டை ஸ்கூல். டை ஸ்கூல் சட்டையை ஸ்கூலிலேயே ரெடிமேடாக விற்பார்கள். பிள்ளைக்கு அது தொளதொளவென்று இருக்கும். பிடித்துத் தைக்க டேப்பக்காவிடம்தான் வர வேண்டும். ஆகவே டை பிள்ளைகளின் அளவும் அவள் நோட்டில் இருந்தது, பின்பக்கத்தில்.

வேன் போன பிறகு, பேட்டரி கடையில் கல்விக் கொள்கை விவாதம் ஆரம்பிக்கும். ஐந்தாம் வகுப்புக்குப் பரீட்சை வைக்கலாமா, எந்த மொழியில் சொல்லிக்கொடுக்கணும், முட்டை கொடுத்தால் அறிவு வளருமா, வாத்தியார்களுக்கு எதற்கு இவ்வளவு லீவு, எல்லாவற்றுக்கும் அங்கே தீர்ப்பு உண்டு. அரசுப் பள்ளிக்கூடம் நம் உரிமை என்று பேட்டரி கடைக்காரர் மேஜையைத் தட்டுவார். தட்டுகிற கையில் டை ஸ்கூலின் பீஸ் புத்தகம் இருக்கும். ஒருத்தருக்கும் அது கண்ணில் படாது, ஏனென்றால் தலையாட்டுகிறவர்கள் பையிலும் அதே புத்தகம். டேப்பக்கா எதிர்க் கடையிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பட்டன் வைப்பாள். ஒரே ஒருநாள் குறுக்கே பேசினாள். அவ்வளவு நல்ல பள்ளிக்கூடம் என்றால் நாளையிலிருந்து உங்கள் பையனை என் மகளோடு அனுப்புங்கள் என்றாள். படிப்பு விஷயத்தில் தையல்காரிக்கு என்ன தெரியும் என்று அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

அப்புறம்தான் பள்ளிக்கூடச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இருபது பிள்ளைகளுக்குக் குறைவாக உள்ள பள்ளிகள் மூடப்பட்டு அருகிலுள்ள பெரிய அரசுப் பள்ளியோடு இணைக்கப்படும், பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு.

அருகிலுள்ள பெரிய பள்ளி என்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம். லாரிகள் பிரேக் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டு ஓடுகிற ரோடு. போன வருஷம்தான் பால்காரர் சைக்கிளோடு அதில் போனார். சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது. டேப்பக்கா நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள். வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டுக் காரணமில்லாமல் ஒருமுறை உயரம் அளந்தாள். நாற்பத்தியேழு இஞ்ச். லாரி டயர் அதைவிடக் கொஞ்சம்தான் குட்டை.

தெரு பொங்கி எழுந்தது. பேனர் கட்டினார்கள். பேனரில் பேட்டரி கடைக்காரர் படம் பெரியதாகவும் பள்ளிக்கூடத்தின் படம் ஸ்டாம்பு அளவிலும் இருந்தது. மாவு மில் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கினாள். கையெழுத்துப் போட்டால்தான் மாவு என்கிற நிலைமை. டேப்பக்கா மனசுக்குள் முதல் தடவையாகத் தெருவைக் கொஞ்சம் மெச்சிக்கொண்டாள். வாய்ச் சவடால்தான், இருந்தாலும் சவடாலும் சில நேரம் உதவும் என்று நினைத்தாள்.

கூட்டம் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நடந்தது. அங்கே இருப்பதே இரண்டு அறை. சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் பெரியவர்கள் உட்கார்ந்ததில் எல்லார் முழங்காலும் தாடையைத் தொட்டது. ஒரு பெஞ்சுக்குக் கால் ஒடிந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அதில் உட்கார்ந்த மருந்துக்கடைக்காரர் கூட்டம் முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். பதினொரு பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள், சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள், உள்ளே இடமில்லாமல் வாசலில் நின்றார்கள். ஐந்து வகுப்பையும் ஒற்றை ஆளாக நடத்துகிற பெரிய டீச்சர், கரும்பலகைப் பக்கம் திரும்பி அழிக்க ஒன்றுமில்லாத இடத்தை அழித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி ஒல்லியான மனிதர். அன்றைக்கு அது அவருக்கு மூன்றாவது கூட்டம். தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்திருந்தார். பேட்டரி கடைக்காரர் இருபத்தைந்து நிமிஷம் பேசினார். இந்தப் பள்ளிக்கூடம் எங்கள் உயிர் என்றார். மாவு மில் அம்மா அழுதாள், பாதியில் நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் விட்ட இடத்திலிருந்து அழுதாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட அதிகாரி, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதிவேட்டில் ஐம்பத்தெட்டு பேர் இருக்கிறது, இன்றைக்கு எத்தனை பேர் வருகிறார்கள்?

பெரிய டீச்சர் டஸ்டரை இன்னும் அழுத்தித் தேய்த்தார். பழைய பெயர்களை அடிக்காமல் வைத்திருந்தவர் அவர்தான், என்ன சொல்வார்? அதிகாரி சுற்றிப் பார்த்தார். எல்லா ஊரிலும் பதிவேடு குண்டாகத்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்கு யூனிபார்ம் யார் தைப்பது, தைத்தவரிடம் கணக்கு இருக்குமே என்றார்.

அத்தனை தலையும் டேப்பக்கா பக்கம் திரும்பியது. அவள் நோட்டோடுதான் வந்திருந்தாள். டேப் மாதிரி அதுவும் கூடவே வருகிற சாமான். எழுந்து நின்று முன்பக்கத்தைத் திறந்தாள். மேஸ்திரி வீட்டுச் சின்னது, தோள் பதினொண்ணு, நீளம் பதினாறு. வாசலில் மேஸ்திரி, "நம்ம பிள்ளைதான்" என்றார். அதிகாரி ஒரு கோடு போட்டார். ஒவ்வொன்றாகப் படித்தாள். தன் மகளையும் "தையல் வீட்டுப் பெண்" என்றே படித்தாள். பதினொரு கோடு. தாள் முடிந்துவிட்டது.

அதிகாரி பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார். டேப்பக்காவுக்கு ரோடு ஞாபகம் வந்தது. நாற்பத்தியேழு இஞ்ச் ஞாபகம் வந்தது. இருபது வருஷமாக நோட்டில் ஒரு கால் இஞ்ச்கூடக் கூட்டிக் குறைக்காதவள், எச்சில் தொட்டு நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பினாள்.

"பேட்டரி கடைப் பையன். இடுப்பு இருபத்திநாலு, நீளம் இருபத்தெட்டு."

படித்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். இந்தப் பள்ளிக்கூடம் எங்கள் உயிர் என்று இப்போதுதான் சொன்ன மனிதர், தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி கோடு போட்டார். மில் வீட்டுப் பெண் என்றாள். மில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மருந்துக்கடை இரட்டைப் பிள்ளைகள். தண்ணி கேன்காரர் வீட்டு அண்ணன் தம்பி. போட்டோக்காரர் மகள். புரோக்கர் பையன். ஒவ்வொரு அளவும் சத்தியம், அவளே டேப் வைத்து எடுத்தது. ஸ்கூல் மட்டும்தான் பொய். கடைசியாக "நாத்தனார் வீட்டுப் பையன்" என்று படித்து நோட்டை மூடினாள். நாத்தனார் புருஷனோடு கூடப் பிறந்தவள், காட்டிக்கொடுக்க மாட்டாள் என்கிற தைரியம்.

அதிகாரி கோடுகளை எண்ணினார். ஒன்பதையும் அவர் நம்பினாரா இல்லையா என்பது அவருக்கே வெளிச்சம். பதிவேட்டை மூடினார். "இருபது. எனக்கு இருபது போதும்" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். பள்ளிக்கூடம் பிழைத்துவிட்டது. பெரிய டீச்சர் டஸ்டரைக் கீழே வைத்தார்.

பிழைத்தது இரண்டு நிமிஷம்தான்.

பின்பெஞ்சில் யாரோ ஒருத்தன், அடுத்த தெரு ஆள், பேட்டரி கடைக்காரர் தோளைத் தட்டினான். "என்னண்ணே, உங்க பையன் ஓசி ஸ்கூலா? டை ஸ்கூலுன்னு சொன்னீங்க" என்று கேட்டுவிட்டுக் களுக்கென்று சிரித்தான். பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

பேட்டரி கடைக்காரர் காது சிவந்தது. சம்சாரம் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள், உட்காரு என்று கிள்ளினாளா எழுந்திரு என்று கிள்ளினாளா தெரியாது. அவர் எழுந்தார்.

"சார், ஒரு சின்னத் திருத்தம். என் பையன் இங்க படிக்கல. டை ஸ்கூல்ல படிக்கிறான். எல்கேஜியிலேருந்து அங்கதான்." பர்ஸிலிருந்து பையனின் டை போட்ட போட்டோவை எடுத்து நீட்டினார். அதிகாரி போட்டோவைப் பார்த்தார். ஒரு கோட்டை அடித்தார்.

அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. பேட்டரி கடைப் பையன் டை ஸ்கூல் என்றால் மில் வீட்டுப் பெண் மட்டும் என்ன குறைச்சல்? கொஞ்ச நேரம் முன்னால் அழுத கண்ணீர் காயவில்லை, மில் அம்மா எழுந்து, என் பெண் அங்கே ஆங்கிலப் பாட்டெல்லாம் பாடுகிறாள் சார் என்றாள். மருந்துக்கடைக்காரர் ஒடிந்த பெஞ்சை மறந்து துள்ளி எழுந்ததில் பெஞ்சும் சாய்ந்தது. தண்ணி கேன், போட்டோ, புரோக்கர், வரிசையாக எழுந்தார்கள். வகுப்பில் கை தூக்குகிற பிள்ளைகள் மாதிரி, எனக்கு முன்னால் நீ எப்படிச் சொல்லலாம் என்று போட்டி. வாசலில் நின்ற மேஸ்திரி மட்டும், உட்காருங்க, கொஞ்ச நேரம் உட்காருங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கடைசியில் பன்னிரண்டு கோடு மிச்சம். இனிமேல் நாத்தனார் எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பன்னிரண்டானாலும் பதினொன்றானாலும் பள்ளிக்கூடம் போனதுதான். ஆனாலும் எழுந்தாள். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நாலு பேரு முன்னால எம்பையன் மட்டும் மட்டமா ஆயிடக் கூடாதில்ல" என்றாள்.

அதிகாரி பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருபது நாளில் பூட்டு வந்தது.

கூட்டம் நடந்த அன்றைக்குச் சாயங்காலமே வதந்தி வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தை மூடிய பழியைத் தெரு எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே. நோட்டைத் திறந்தவள் அவள்தானே, நம்மை நாலு பேர் முன்னால் எழுப்பி அவமானப்படுத்தவே ஒவ்வொரு பிள்ளையாகப் படித்தாள், உள்ளுக்குள் பெரிய ஸ்கூல்காரனோடு பேச்சு, கூடவே மோட்டார். ஜாக்கெட் தைக்க வருகிற கூட்டம் பாதியானது. அவள் பைப்படிக்கு வந்தால் பேச்சு நிற்கும், அவள் குடம் நிரம்பிப் போனதும் தொடரும். நாத்தனார்கூட விசேஷத்துக்கு அழைக்கவில்லை.

யூனிபார்ம் ஆர்டர் கதையும் புளுகுதான், பெரிய ஸ்கூலில் துணியே கொடுப்பதில்லை. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே சைஸில் பாக்கெட் பாக்கெட்டாக எங்கிருந்தோ லாரியில் வந்து இறங்குகிறது. அவள் மகளுக்குக் கிடைத்த சட்டையில் இன்னொரு பிள்ளை குடியிருக்கலாம். அவளே பிடித்துத் தைத்துக்கொடுத்தாள். தினமும் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை கடையைச் சாத்திவிட்டு, நொண்டிக் காலோடு மகளையும் மற்ற ஏழு பிள்ளைகளையும் கையில் பிடித்து ரோட்டைத் தாண்டவைக்கிறாள். பதினொன்றில் எட்டுதான் ரோட்டைத் தாண்டுகிறது. மேஸ்திரி வீட்டுச் சின்னது உட்பட மூன்று பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போவதில்லை. அந்த மூன்றைப் பற்றி பேட்டரி கடையில் இதுவரை யாரும் மேஜையைத் தட்டவில்லை.

நாலு மாதம் கழித்து ஒருநாள் பேட்டரி கடைக்காரர் அவள் கடைப் படியேறினார். கையில் மகனின் டை ஸ்கூல் பேன்ட். பையன் வளர்ந்துவிட்டான், கீழ் மடிப்பைப் பிரித்து இறக்க வேண்டும். வேறு கடையில் கொடுத்துப் பார்த்து, ஒரு கால் நீளம் ஒரு கால் குட்டையாக ஆகி, வேறு வழியில்லாமல் வந்திருந்தார். டேப்பக்கா பேன்ட்டை வாங்கினாள். அவர் போயிருக்கலாம். பெரிய மனது காட்டாமல் அவரால் போக முடியவில்லை.

"போனது போகட்டும் அக்கா, நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல. ஆனா ஒண்ணு. நீங்க அன்னிக்கு அந்த உண்மைய அங்க போட்டு உடைக்காம இருந்திருந்தா, பள்ளிக்கூடம் இருந்திருக்கும். எங்களுக்கும் அந்த அவமானம் இல்ல."

மோட்டார் இருமிக்கொண்டிருந்தது. டேப்பக்கா அதை நிறுத்தினாள். வாயில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"தம்பி, ஊரெல்லாம் தப்பா சொல்லிட்டுத் திரியாதீங்க. அன்னிக்கு நான் உண்மைய சொல்லல. பொய் சொன்னேன். ஒம்பது பொய், வரிசையா, என் நோட்டுலேருந்து. உண்மைய சொல்லி பள்ளிக்கூடத்த மூடினது நீங்க."